விவசாயியிடம் நேரடியாக, குழுவாகச் சேர்ந்து வாங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது சொச்சம் குடும்பங்களாகச் சேர்ந்து சில வருடங்களாக விவசாயிகளிடம் நேரடியாகக் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒருங்கிணைக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில். புதிதாக யார் வந்தாலும் அதே கேள்விகள்தான், கிட்டத்தட்ட அதே வரிசையில். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம் என்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம். பொறுமை இல்லாதவர்கள் விலை பற்றிய கேள்விக்கு நேராகப் போகலாம், எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

இது என்ன ஏற்பாடு? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பக்கத்தில் விளைவிக்கும் ஒரு விவசாயி அல்லது நாலைந்து விவசாயிகள். அவர்களிடம் மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் சில குடும்பங்கள். நடுவில் கடை இல்லை, கமிஷன் மண்டி இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் சரக்கு வந்து இறங்கும், எல்லோரும் வந்து எடுத்துப்போவார்கள்.

இதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, விவசாயி அந்த வாரம் என்ன இருக்கிறது என்று பட்டியல் அனுப்புவார், வேண்டியதை நாம் குறித்துக் கொடுப்போம். இன்னொன்று, பருவம் தொடங்கும் முன்பே பணத்தைக் கட்டிவிட்டு, விளைவதில் ஒரு பங்கை வாரா வாரம் வாங்கிக்கொள்வது. என்ன வரும் என்பதை நிலம்தான் முடிவு செய்யும். நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் இரண்டையும் கலந்துகட்டித்தான் ஓட்டுகின்றன.

இதற்குக் குழு எதற்கு? நானே தோட்டத்துக்குப் போய் வாங்கிக்கொள்ள மாட்டேனா?

தாராளமாகப் போகலாம். ஆனால் விவசாயியின் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒருவர் திங்கட்கிழமை வந்து அரைக் கிலோ கேட்கிறார், இன்னொருவர் புதன்கிழமை போன் பண்ணி இருக்கிறதா என்கிறார், மூன்றாமவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. களை எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். சில்லறை வியாபாரம் தனித் தொழில், அதில் நேரம் போனால் விவசாயத்தில் நேரம் குறையும்.

நாற்பது பேரின் தேவை ஒரே ஆர்டராகப் போகும்போது கதை மாறுகிறது. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குள் எண்ணிக்கை அவர் கையில். வியாழன் விடிகாலையில், வெயில் ஏறும் முன், அந்த எண்ணிக்கைக்குத்தான் பறிப்பார். ஒரே வண்டி, ஒரே பயணம், ஒரே கணக்கு. மிச்சம் விற்குமா அழுகுமா என்ற கவலை இல்லை. கடைக்காரர் இத்தனை நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை (எண்ணுவது, எடை போடுவது, காசு வசூலிப்பது) குழு தன் தோளில் போட்டுக்கொள்கிறது. அந்த வேலை மறைந்துபோவதில்லை, ஆள் மாறுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் சேர்கிறவர்கள் மூன்றாவது வாரத்திலேயே முகம் சுளிப்பார்கள்.

கடையைவிட விலை குறைவாக இருக்குமா?

சில நேரம் குறைவு, சில நேரம் அதே விலை, சில நேரம் அதிகமாகவே இருக்கும். மலிவு ஒன்றையே எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான்.

இடைத்தரகர் போய்விட்டால் விலை பாதியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் ஒரு கணக்குப் போடுகிறது: மக்கள் உணவுக்குச் செலவிடும் ஒரு டாலரில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று. சில ஆண்டுகளாகவே அது 15 சென்ட்டை ஒட்டித்தான் நிற்கிறது. படித்ததும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த டாலரில் ஓட்டல் சாப்பாடும் பாக்கெட் தின்பண்டமும் எல்லாம் அடக்கம். மீதி 85 சென்ட்டில் சமைப்பவர் கூலி, அரைப்பு, பொட்டலம், குளிர்பதனம், லாரி, கடை வாடகை, கழிவு என்று எத்தனையோ இருக்கின்றன. பதப்படுத்தாத காய்கறிக்கு விவசாயியின் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆக, நாம் மிச்சம் பிடிப்பது அந்த 85 முழுவதையும் இல்லை, அதில் ஒரு துண்டை மட்டும்தான். அந்தத் துண்டையும் விவசாயியும் நாமும் பகிர்ந்துகொள்கிறோம்.

வித்தியாசம் தெரிவது விலை ஏறி இறங்கும்போது. சந்தையில் ஒரே காய் ஒரு மாதத்தில் மூன்று மடங்கு ஏறும், அடுத்த மாதம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே உழுதுவிடுவார்கள். எங்கள் குழுவில் பருவத் தொடக்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரு விலை வைத்துக்கொள்கிறோம், அந்தப் பருவம் முழுக்க அதே விலைதான். சந்தையில் விலை விழுந்த நாட்களில் நாங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம், சந்தை எகிறிய நாட்களில் அவர் எங்களுக்குப் பழைய விலைக்கே கொடுத்திருக்கிறார். வருடக் கணக்கில் பார்த்தால் பெரிதாக யாருக்கும் நட்டமில்லை. விலை விழுந்தபோது விலகிப் போய்விட்டு ஏறியபோது திரும்பி வந்தவரும் ஒருவர் உண்டு, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் ஏன்தான் சேர்கிறார்கள்? உடம்புக்கு நல்லது என்றா?

கேட்டால் பெரும்பாலானோர் அதைத்தான் சொல்வார்கள். ருசி என்பார்கள், குழந்தைகளுக்காக என்பார்கள், விவசாயிக்கு உதவ என்பார்கள். எல்லாமே உண்மைதான், ஆனால் வந்தவர்கள் ஏன் தங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். இதைப் பிரித்துச் சொல்கிறேன்.

ருசி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், அதற்குக் காரணமும் தெரிந்ததுதான். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைதூரம் போக வேண்டிய தக்காளியை முழுப் பச்சையாகவோ, காம்புக்கு எதிர்ப்பக்கம் லேசாக நிறம் தட்டும்போதோ பறித்துவிடுகிறார்கள். அப்போதுதான் அடுக்கினால் நசுங்காது. போய்ச் சேர்ந்தபின் எத்திலீன் வாயு காட்டினால் சிவந்துவிடும். நிறம் வந்துவிடுகிறது, செடியில் இருந்திருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய சர்க்கரையும் மணமும் முழுதாக வருவதில்லை. மேலே குளிர்பதனம் வேறு. 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பழுத்த தக்காளியை ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். மணம் தரும் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்து அறை வெப்பத்தில் வைத்தாலும் அந்த மணம் முழுதாகத் திரும்புவதில்லை என்று கண்டார்கள். பட்டாணி, இனிப்புச் சோளம் இரண்டிலும் பறித்த நிமிடத்திலிருந்தே சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், காலையில் பறித்ததை மாலையில் தின்றவர்களுக்கு இது விளக்காமலே தெரியும்.

சத்து விஷயத்தில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். கீரைகளில் வைட்டமின் சி வேகமாகக் குறையும், புதிதாகச் சாப்பிட்டால் கூடுதலாகக் கிடைக்கும், அது சரி. ஆனால் பறித்த சில மணி நேரத்திலேயே உறையவைத்த பட்டாணி, கடையில் ஒரு வாரம் கிடந்த 'ஃப்ரெஷ்' பட்டாணியைவிட மோசமில்லை. பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே ஒரு காய்க்கு மருந்துக் குணம் வந்துவிடாது. குழுவில் யாராவது சர்க்கரை நோய் போய்விடும், புற்றுநோய் வராது என்று ஃபார்வர்டு அனுப்பினால் நான் நீக்கிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்குகிறவர்கள் தங்குவதற்கு நான் பார்த்த காரணம் ஒன்றுதான். விதைக்கும்போதே இதை யார் சாப்பிடப்போகிறார்கள் என்று விவசாயிக்குத் தெரிகிறது, சாப்பிடும்போது யார் விதைத்தது என்று நமக்குத் தெரிகிறது. போன வருடம் எங்களுக்குக் கேரட் தரும் அக்கா விதை வாங்கப் போகும் முன் போன் பண்ணினார்: "உங்க ஆளுங்க பீட்ரூட்டைத் தொடவே மாட்டேங்கிறாங்களே, ரெண்டு பாத்தியைக் குறைச்சுட்டுக் கேரட் போடட்டுமா?" கடைக்குப் போகிற நமக்கு யாரும் அப்படிக் கேட்டு போன் பண்ணியதில்லை. அவருக்கும் அதற்கு முன்னால் எதைப் போட்டால் விற்கும் என்பது சூதாட்டம்தான்.

முன்பணம் ஏன் கேட்கிறீர்கள்? பயிர் அழிந்துபோனால் என் பணம் என்ன ஆகும்?

விதை, எரு, கூலி எல்லாச் செலவும் அறுவடைக்கு மாதக்கணக்கில் முந்தியே வந்துவிடும். கையில் காசில்லாதவர் வட்டிக்கு வாங்குவார், வட்டிக்குக் கொடுத்தவருக்கே விளைச்சலையும் கொடுக்க வேண்டியதாகும். நாம் பருவத் தொடக்கத்தில் கட்டும் பணம் அந்த இடத்தில் வட்டியில்லாக் கடன் மாதிரி.

பயிர் போனால்? பங்கு முறையில் சேர்ந்திருந்தால் உங்கள் பங்கும் போகும். இதைச் சேரும் முன்பே எழுதிக் காட்டிவிடுகிறோம், பிறகு சண்டை வேண்டாம். ஒரு வருடம் ஆலங்கட்டி மழையில் கீரைப் பாத்திகள் சல்லடையாகிவிட்டன. மூன்று வாரம் கூடையில் பூசணியும் உருளைக்கிழங்கும்தான். நான்காவது வாரம் மறுபடி தளிர்த்த கீரை வந்தது, இலையில் இன்னும் ஓட்டை இருந்தது. குழுவில் இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதில் தவறு என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வாரா வாரம் ஆர்டர் செய்யும் முறைதான் பொருந்தும் என்று மாற்றிவிட்டோம். ஒரே பயிரை நம்பாமல் பதினைந்து இருபது வகை போடும் விவசாயியாகத் தேடுவதும் இதனால்தான். ஒன்று போனாலும் மற்றவை கூடையை நிரப்பும்.

ஜெர்மனியில் சில குழுக்கள் செய்வது எனக்குப் பிடித்தது. பண்ணையின் வருடச் செலவு இவ்வளவு என்று விவசாயி எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வைப்பார். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று பெயரில்லாத சீட்டில் எழுதிப் போடும். கூட்டிப் பார்த்து, செலவு முழுவதும் வந்துவிட்டால் சரி, வராவிட்டால் இன்னொரு சுற்று. வசதியுள்ளவர் கூடப் போடுவார், இல்லாதவர் குறைத்துப் போடுவார், கூடையில் எல்லோருக்கும் ஒரே அளவு. நாங்களும் ஒருமுறை முயன்றோம். முதல் சுற்றில் துண்டு விழுந்தது, இரண்டாவது சுற்றிலும் விழுந்தது, மூன்றாவதில் ஒப்பேறியது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த மௌனத்தை மறுபடி அனுபவிக்க யாருக்கும் ஆசையில்லை, அதனால் திரும்ப நிலையான கட்டணத்துக்கே வந்துவிட்டோம்.

இதை முதலில் யார் ஆரம்பித்தது?

ஒரே இடத்தில் தொடங்கிய விஷயமில்லை. 1965இல் டோக்கியோவில் சுமார் 200 பெண்கள் சேர்ந்து 300 பாட்டில் பாலை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் செய்கட்சு கிளப் என்ற கூட்டுறவு, இன்று லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு இருக்கிறது. அதே ஜப்பானில் 1971இல் தெருவோ இச்சிராகு என்பவர் முன்னின்று இயற்கை வேளாண்மைச் சங்கம் ஒன்றை அமைத்தார். அந்தச் சங்கம் வளர்த்தெடுத்த முறைக்கு 'தெய்க்கெய்' என்று பெயர், 1978இல் அதற்குப் பத்துக் கோட்பாடுகளையும் எழுதி வைத்தார்கள். இந்தச் சொல்லுக்கு 'விவசாயியின் முகம் பதிந்த உணவு' என்று அர்த்தம் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் 'கைகோத்துச் செயல்படுவது', 'கூட்டு' என்பதுதான். அப்போது அங்கே பூச்சிமருந்து பற்றியும் தொழிற்சாலைக் கழிவு பற்றியும் பயம் நிறைய. மினமாட்டா என்ற ஊரில் பாதரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் முடங்கிப்போனதை நாடே பார்த்திருந்தது.

ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவாவில் 1978இல் ஒரு கூட்டுறவுத் தோட்டம் வந்தது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு பண்ணைகள் பங்கு முறையைத் தொடங்கின, ஐரோப்பாவில் பார்த்த அனுபவத்தோடு வந்தவர்கள் இரண்டிலும் இருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அலபாமாவில் டஸ்கீகியில் வேளாண் பேராசிரியராக இருந்த புக்கர் வாட்லி, சிறு விவசாயிகள் வாடிக்கையாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கறுப்பின விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வரலாறு எழுதுகிறவர்கள் அவரை வெகுகாலம் விட்டுவிட்டார்கள். இத்தாலியில் 1994இல் ஃபிதென்ட்ஸா என்ற ஊரில் முதல் 'கூட்டுக் கொள்முதல் குழு' வந்தது. பிரான்ஸில் 2001இல்; நியூயார்க்கில் இருந்த மகளைப் பார்க்கப் போன ஒரு விவசாயத் தம்பதி, அங்கே இந்த முறையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி ஆரம்பித்தார்கள்.

எல்லா இடத்திலும் கதை ஒரே மாதிரி: அதிகாரி போட்ட திட்டமாக இல்லாமல், நாலு பேர் ஒரு சமையலறையில் உட்கார்ந்து பேசித் தொடங்கியது.

இயற்கை விவசாயம்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உள்ளூர் என்பதும் இயற்கை என்பதும் இரண்டு வேறு விஷயங்கள், இதை முதலில் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டத்திலும் மருந்து அடிப்பார்கள்.

சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழ் செலவும் பேப்பர் வேலையும் சிறு விவசாயிக்குத் தாங்காது. அதற்காகவே பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று இருக்கிறது: விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்வையிட்டு, தங்களுக்குள்ளேயே சான்று கொடுத்துக்கொள்வது. 2004இல் பிரேசிலில் நடந்த ஒரு சர்வதேசக் கூட்டத்துக்குப் பிறகு பல நாடுகளில் இது பரவியது. பொதுவாக அந்தச் சான்று உள்நாட்டு விற்பனைக்குத்தான் செல்லுபடியாகும், ஏற்றுமதிக்கு உதவாது. நமக்கு அது போதும்.

நான் செய்வது இன்னும் எளிது. வருடத்தில் இரண்டு தடவை தோட்டத்துக்குப் போகிறேன், ஒரு தடவை முன்கூட்டிச் சொல்லாமல். போய் "மருந்து அடிக்கிறீர்களா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "போன மாதம் அசுவினிப் பூச்சி வந்ததே, என்ன பண்ணினீர்கள்?" என்று கேளுங்கள். மருந்தில்லாமல் ஏதாவது செய்தவர் விவரமாகச் சொல்வார், எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். செய்யாதவர் மழுப்புவார். களைக்கொல்லி அடித்த வரப்பைப் பார்த்தாலே தெரியும், புல் ஒரே சீராகக் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். எங்கள் விவசாயிகளில் ஒருவர் ரசாயன உரம் கொஞ்சம் போடுகிறார், அதை அவரே சொல்லிவிட்டார், பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறோம். வேண்டியவர்கள் வாங்குகிறார்கள்.

சந்தையில் வாங்கி நம் தலையில் கட்டிவிட மாட்டார்களா?

நடந்திருக்கிறது. ஒருமுறை வந்த பெட்டியில் எல்லாத் தக்காளியும் ஒரே அளவு, ஒரே நிறம், சில பழங்களில் சின்ன ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது. உரிக்கக்கூட மறந்துவிட்டார் மனிதர். கேட்டபோது, நம் தோட்டத்தில் இந்த வாரம் காயே இல்லை, உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று வாங்கிப்போட்டேன் என்றார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, நாங்கள் கூடை குறைந்தால் முனகுவோம் என்ற பயம்தான். அன்றிலிருந்து ஒரு விதி: இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், அதற்கு யாரும் குறை சொல்லக்கூடாது. வெளியிலிருந்து வாங்கினால் எங்கிருந்து என்று எழுத வேண்டும். பருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத காய் வந்தாலும், வருடம் முழுக்க எல்லாம் கிடைத்தாலும் சந்தேகப்படுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

நினைக்கிற அளவுக்கு இல்லை. உணவு எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்தது என்று பேசுவது 1990களில் பிரபலமானது, கேட்கவும் நன்றாக இருந்தது. ஆனால் 2008இல் அமெரிக்காவில் வெபர், மேத்யூஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்ததில், உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு மொத்தமாகச் சுமார் 11 சதவீதம்தான், அதிலும் விளைவித்த இடத்திலிருந்து கடைக்கு வருவது 4 சதவீதம். மீதிப் பெரும்பகுதி விளைவிப்பதில்தான். தூரத்தைவிட என்ன சாப்பிடுகிறோம் என்பது பெரிய விஷயம். விமானத்தில் வரும் சரக்கு மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்றும் உண்டு. 2009இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு, பண்ணைக்கடையில் காய் வாங்க ஒருவர் தனியாகக் காரில் போய்வர 6.7 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால், குளிர்பதனம், பொட்டலம், வேன் எல்லாம் சேர்த்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெரிய நிறுவனத்தின் முறையைவிட அதிகக் கரியமில வாயு வெளியாக வாய்ப்புண்டு என்றது. நாற்பது பேர் நாற்பது வண்டியில் தோட்டத்துக்குப் போவதைவிட ஒரே வண்டியில் சரக்கு நம்மிடம் வருவதுதான் சரி. எடுக்க வரும்போது நடந்தோ சைக்கிளிலோ வாருங்கள், அல்லது மூன்று வீட்டுக் கூடையை ஒருவர் எடுத்துப்போங்கள்.

வீணாவது குறைகிறது, அது நிச்சயம் தெரிகிறது. கோணல் கேரட், இரட்டைக் காய், கொஞ்சம் வெடித்த தக்காளி எல்லாம் கடையில் தரம் பிரிக்கும்போதே கழிபடும், இங்கே கூடைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் நாம் வீணாக்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணாக்கப்பட்ட உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான்.

பிடிக்காத காய் வந்துகொண்டே இருந்தால்?

பங்கு முறையில் ஆட்கள் விலகுவதற்கு நான் அதிகம் கேட்ட காரணம் இதுதான். மூன்று வாரம் தொடர்ந்து முட்டைக்கோஸ் வந்தால் யாருக்கும் வாழ்க்கை வெறுத்துப்போகும்.

எங்கள் வழி, எடுக்கும் இடத்தில் ஒரு காலிக் கூடை. பிடிக்காததை அதில் போட்டுவிட்டு, வேறு யாரோ போட்டதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எடையெல்லாம் பார்ப்பதில்லை. பீட்ரூட் மட்டும் கடைசிவரை கிடக்கும், அதை ஒரு பெரியவர் வந்து அள்ளிக்கொண்டு போவார், என்ன செய்கிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாரா வாரம் தேர்ந்தெடுத்தே தீருவேன் என்பவர்கள் ஆர்டர் முறைக்குப் போய்விடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு எவ்வளவு வேலை?

நினைப்பதைவிட அதிகம். செவ்வாய் இரவு ஆர்டரை மூடுவது, கூகுள் ஷீட்டைக் கூட்டி விவசாயிக்கு அனுப்புவது, மூடியபின் "அண்ணா, ஒரே ஒரு கட்டுக் கீரை" என்று வரும் ஏழெட்டுச் செய்திக்கு மாட்டேன் என்று சொல்வது. வியாழன் மாலை க்ரேட்டுகள் இறங்கும். தரையில் பெயர் எழுதிய நாற்பது பைகளை வரிசையாக விரித்து, ஒருவர் தராசில் நிற்க, ஒருவர் பட்டியல் படிக்க, இரண்டு பேர் போட்டுக்கொண்டே போவார்கள். கனமானது முதலில், உருளைக்கிழங்கு, பூசணி. கடைசியாகத் தக்காளியும் கீரையும். இந்த வரிசை தப்பினால் வீட்டுக்குப் போவது சட்னிதான்.

ஒரு வாரம் நான் ஷீட்டில் பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டேன், ஆர்டர்கள் பழைய வரிசையிலேயே நின்றுவிட்டன. தனியாளாக இருப்பவருக்கு ஆறு கிலோ வெங்காயம், ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு கட்டுப் புதினா. அன்று இரவு பதினொரு மணிவரை வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்தேன். இப்போது ஷீட்டைத் தொட இரண்டு பேருக்குத்தான் அனுமதி, அந்த இரண்டில் நான் இல்லை.

இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை என்றால் இரண்டு வருடத்தில் ஆள் களைத்துப் போய்விடுவார், குழுவும் அத்தோடு முடியும். சுழற்சி முறை வையுங்கள், அல்லது ஒருங்கிணைப்பவருக்கு ஒரு கூடை இலவசம் என்றாவது வையுங்கள்.

விவசாயிக்கு உண்மையிலேயே லாபமா, அல்லது நமக்கு நாமே சொல்லிக்கொள்வதா?

நல்ல கேள்வி, இதை அவர்களிடமே கேட்டேன். பணம் வரும் நாள் தெரிவது பெரிய நிம்மதி என்றார் ஒருவர். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார்: மண்டிக்கு அனுப்பினால் ஒரே பயிரை நிறையப் போட்டு ஒரே நாளில் அனுப்பிவிட்டு உட்காரலாம், உங்களுக்காக இருபது வகை போட்டுத் தினமும் ஏதாவது பறித்துக்கொண்டே இருக்கிறேன், கூலி கூடிவிட்டது. அவருடைய உழைப்பை விலையில் சேர்த்தாரா என்று கேட்டால் சிரிக்கிறார். பல விவசாயிகள் தங்கள் சொந்த உழைப்பைக் கணக்கிலேயே எழுதுவதில்லை. விலை பேசும்போது அதை நாமே கேட்டு எழுத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் தலையில் சத்தமில்லாமல் நாம் உட்கார்ந்திருப்போம்.

ஒரே குழுவை மட்டும் நம்பியிருப்பதும் அவருக்கு ஆபத்து. விளைச்சலில் பாதியை நமக்கும் மீதியை வேறு வழிகளிலும் விற்கிறவர்தான் நிலைக்கிறார். 2020இல் கொரோனா ஊரடங்கில் இது பளிச்சென்று தெரிந்தது. பள்ளிக்கும் ஓட்டலுக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த பாலை அமெரிக்காவில் பண்ணையாளர்கள் கொட்டினார்கள், அதே மாதங்களில் கடைகளில் பால் தட்டுகள் காலி. பால் இருந்தது, குடிக்க ஆள் இருந்தார்கள், இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்றே ஒன்றாக இருந்து அதுவும் அடைபட்டது. பங்கு முறைப் பண்ணைகளில் அந்த வருடம் சேர இடமில்லாமல் காத்திருப்புப் பட்டியல் போட்டார்கள்.

பால், முட்டை, இறைச்சியும் வாங்கலாமா?

முட்டை வாங்குகிறோம். காய்ச்சாத பாலை நேராகக் குடிக்க வேண்டாம், நேரடியாக வாங்கியது என்பது கிருமிக்குத் தெரியாது. காய்ச்சியே குடியுங்கள். இறைச்சிக்கு எல்லா இடத்திலும் தனி விதிகள் உண்டு, குளிர்ச்சி தொடர்ந்து இருக்க வேண்டும், எங்களுக்கு அந்த வசதி இல்லாததால் தொடவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை வாங்கினால் கெட்டுப்போகாதா?

எதை முதலில் சமைப்பது என்று தெரிந்தால் போகாது. கீரையும் காலிஃபிளவரும் முதல் இரண்டு நாளில். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் வந்தவுடன் இலையைத் திருகி எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக் கிழங்கு ரப்பராகிவிடும்; அந்த இலையையும் அன்றே சமைக்கலாம். கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள். உருளைக்கிழங்கு இருட்டில் இருக்கட்டும், வெளிச்சம் பட்டுப் பச்சையானால் அந்தப் பகுதியைத் தின்னக்கூடாது, நிறையப் பச்சை என்றால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். பூசணி பாட்டுக்கு ஒரு மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும்.

யாருக்கு இது ஒத்துவராது?

வீட்டில் சமைக்காதவர்களுக்கு. வேலை நேரம் தாறுமாறாக இருப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துத் தந்தால் ஒழிய, கஷ்டம். மொத்தமாக முன்பணம் கட்ட முடியாதவர்களைத் தள்ளிவைக்கும் முறை இது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. நாங்கள் மாதத் தவணை வைத்திருக்கிறோம், வயலில் அல்லது பிரிக்கும் நாளில் வேலை செய்து ஈடுகட்டவும் வழி உண்டு. அப்படியும் குழுவைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஓரளவு வசதியான முகங்கள்தான், இதை மறைக்க ஒன்றுமில்லை.

நாங்களும் ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

லோகோ, பெயர், விதிமுறைப் புத்தகம் எல்லாம் அப்புறம். பத்துக் குடும்பம், ஒரு விவசாயி, எட்டுப் பத்து வாரம், இவ்வளவுதான் முதலில். சேரும் முன் எல்லோரும் ஒருமுறை தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆர்டர் மூடும் நேரம், பணம் கட்டும் நாள், எடுக்க வராதவர் பையை என்ன செய்வது, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். சண்டை வந்தால் இந்த மூன்றில்தான் வரும். (எங்களிடம் எட்டு மணிக்குமேல் எடுக்காத பை அங்கே உதவிக்கு வந்தவர்களுக்கு. முதல் மாதம் திட்டினார்கள், இப்போது ஏழே முக்காலுக்கு ஓடி வருகிறார்கள்.)

காலி க்ரேட், பை எல்லாம் திருப்பித் தர வேண்டுமா?

கட்டாயம். க்ரேட் அவருடையது, அது இல்லாவிட்டால் அடுத்த வியாழன் பறித்ததை எதில் போடுவார்? பையைத் துவைத்து, உங்கள் பெயர் வெளியே தெரியும்படி மடித்துக் கொண்டுவாருங்கள். போன வாரம் வந்த ஒரு பைக்குள் யாருடைய வீட்டுச் சாவியோ இருந்தது, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.